உயிரியல் அபாயங்கள்

தெருமுனையில் நிற்கும் மின்கம்பத்தில் மண்டையோடும் இரண்டு எலும்புகளும் வரைந்த சிறு தகடு ஒன்று கட்டப்பட்டிருக்கும். 'அபாயம்' என்னும் சொல் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கம்பத்தைத் தொட்டு எவரும் இறந்தனர் என்று அத்தகடு கூறவில்லை. நாளை எவரேனும் இறப்பர் என்றும் கூறவில்லை. உயிரைப் போக்கவல்ல ஆற்றல் ஒன்று இங்கு உண்டு, எச்சரிக்கையாய் இருமின் என்பதே அது கூறும் செய்தி. கம்பியில் ஓடும் மின்சாரம் கண்ணுக்குப் புலப்படுவதன்று. ஆதலின், அதனை அறிந்தவர் அறியாதவர்க்கு அறிவித்தல் கடமையாயிற்று.

மின்சாரத்தைப் போலவே, கண்ணுக்குப் புலனாகாமல் நின்று தீங்கு செய்யவல்லவை உயிருலகிலும் பல உள. அவற்றை 'உயிரியல் அபாயங்கள்' என்று அறிவியலார் வழங்குவர். அவை யாவை, அவற்றை எவ்வாறு வரையறுக்கின்றனர், அவ்வரையறையால் விளையும் பயன் யாது என்பவற்றை ஒரு பழைய நிகழ்ச்சியிலிருந்து தொடங்கி அறிதல் எளிது.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயரில் பிராட்போர்டு என்னும் நகரம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கம்பளித் தொழிலுக்குப் பெயர்பெற்று விளங்கியது. தென் அமெரிக்காவிலிருந்து அல்பாக்கா என்னும் விலங்கின் மயிரும், துருக்கியிலிருந்து மோகேர் என்னும் வெள்ளாட்டு மயிரும் பொதிபொதியாக அங்கு வந்திறங்கின. அப்பொதிகளை அவிழ்த்து, மயிரைத் தரம் பார்த்துப் பிரிப்பதற்கெனத் தொழிலாளர் இருந்தனர். அவர்களுள் சிலர் திடீரென நோய்வாய்ப்பட்டனர். நலமாக வேலைக்குச் சென்றவர் காய்ச்சலும் மார்வலியும் கொண்டு வீடு திரும்புவார்; மூச்சுத் திணறும்; சில நாள்களுக்குள் உயிர் பிரியும். அந்நோயின் காரணத்தை எவரும் அறிந்திலர். 'கம்பளி பிரிப்போர் நோய்' என்று அதற்கு ஒரு பெயர் மட்டும் வழங்கிவந்தது.

ஆடுமாடுகளைக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோய் ஒன்று உண்டு. நம் நாட்டு உழவர் அதனை அடைப்பான் என்பர். அந்நோய்க்குக் காரணம் ஒருவகைப் பாக்டீரியா என்பதை ஜெர்மன் மருத்துவராகிய ராபர்ட் கோக் 1876ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். அப்பாக்டீரியா உணவு கிடைக்காத இடத்தில் தடித்த உறை ஒன்றனை உண்டாக்கிக்கொண்டு உறங்கும் இயல்புடையது. இந்நிலையில் உள்ள நுண்ணுயிரைச் 'சிதல்' என்பர். வெயிலும் குளிரும் வறட்சியும் சிதலை எளிதில் அழிப்பதில்லை. மண்ணில் அது பல்லாண்டுகள் கிடந்தும் உயிர்த்தெழும். 1880ஆம் ஆண்டளவில் பிராட்போர்டு மருத்துவர் ஜான் ஹென்றி பெல் என்பார், கம்பளி பிரிப்போரைக் கொன்ற நோயும் இந்த அடைப்பானே என்பதை வெளிப்படுத்தினார். எங்கோ தொலைநாட்டில் நோயால் இறந்த விலங்கின் மயிரில் ஒட்டியிருந்த சிதல்கள், கடல் கடந்து வந்து, பொதி அவிழ்க்கப்பட்டபோது தூசியோடு தூசியாக எழுந்து தொழிலாளரின் நுரையீரலுட் புகுந்தன.

காரணம் தெரிந்தவுடன் துன்பம் தீர்ந்துவிடவில்லை. எப்பொதியில் நோய் உள்ளது, எப்பொதியில் இல்லை என்பதைக் கண்ணால் கண்டு கூற இயலாது. 1905ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியை ஏற்ற யூரிக் என்னும் நுண்ணுயிர் வல்லுநர், ஆயிரக்கணக்கான மயிர் மாதிரிகளைத் தம் உயிரையும் பொருட்படுத்தாது ஆராய்ந்தார். குருதிக்கறை படிந்த மயிரே பெரிதும் தீங்குடையது என்று கண்டார். பின்னர், 1919ஆம் ஆண்டில் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தீங்குடையதெனக் கருதப்பட்ட மயிரைத் துறைமுகத்திலேயே நிறுத்தி, சவர்க்கார நீரிலும் பார்மால்டிகைடு கரைசலிலும் கழுவித் தூய்மை செய்யும் நிலையம் 1921ஆம் ஆண்டில் லிவர்பூலில் இயங்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. தொடக்கத்தில் மக்கள் நோயாளியைக் கண்டே அஞ்சினர். நோய் வந்தபின்னரே அபாயம் இருந்ததை உணர்ந்தனர். பின்னரோ, எவரும் நோயுறுவதற்கு முன்பே, மயிர்ப்பொதியைக் கண்டு 'இஃது அபாயம்' என்று கூறக் கற்றனர். உயிரியல் அபாயம் என்னும் கருத்தின் அடிப்படை இதுவே.

இனி, வரையறையைக் காண்போம். மனிதர், விலங்கு, பயிர் ஆகியவற்றின் நலத்திற்குத் தீங்கு விளைக்கவல்ல உயிர்களும், அவ்வுயிர்களிலிருந்து தோன்றும் பொருள்களும் உயிரியல் அபாயங்கள் எனப்படும். இவ்வரையறையின் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் உண்டு.

முதலாவது, 'மனிதர், விலங்கு, பயிர்' என்பது. நம் உடலைத் தாக்குவதே அபாயம் என்று எண்ணுதல் தவறு. அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோய் எந்த மனிதனையும் தொடவில்லை. ஆயினும், அதனையடுத்து நேர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். மாடுகளை மந்தைமந்தையாகக் கொன்ற வெக்கை நோயும் இத்தகையதே. உழவு மாடு வீழ்ந்தால் உழவனும் வீழ்வான். நீண்ட முயற்சிக்குப்பின் அந்நோய் உலகினின்றும் ஒழிந்தது என 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, 'உயிர்களும் அவற்றிலிருந்து தோன்றும் பொருள்களும்' என்பது. பாக்டீரியா, வைரசு, பூசணம், ஒட்டுண்ணி ஆகியன உயிர்கள் என்னும் பகுதியில் அடங்கும். வயல்நீரில் கலந்த எலியின் சிறுநீர் வழியாக உழவரைப் பற்றும் எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. வெறிநாய்க்கடி நோய் வைரசால் வருவது. மலேரியா ஒட்டுண்ணியால் வருவது. இவையேயன்றி, உயிர்கள் ஆக்கும் நஞ்சும் இதன்பாற்படும். கெட்டுப்போன உணவில் சில வேளைகளில் போட்டுலினம் என்னும் பாக்டீரியா வளர்கிறது. அது சுரக்கும் நஞ்சு மிக நுண்ணிய அளவிலேயே ஆளைக் கொல்லும். பூசணம் பிடித்த வைக்கோலின் தூசி மூச்சுநோயை உண்டாக்கும். சாலையோரங்களில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடி சிலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் விளைக்கும். குருதி, சளி, மலம் ஆகியனவும், அவை படிந்த துணியும் ஊசியும்கூட, நோய்க்கிருமியைத் தாங்கிநிற்கக் கூடுமாதலின் அபாயமாகவே கொள்ளப்படும்.

மூன்றாவது, 'வல்ல' என்னும் சொல். வரையறையின் உயிர்நாடி இதுவே. தீங்கு விளைத்தவை என்றோ, விளைக்கின்றவை என்றோ கூறாமல், விளைக்க 'வல்லவை' என்று கூறியமை காண்க. எவரையும் கடியாத பாம்பும் நச்சுப்பாம்பே. அதுபோல, எவரையும் பற்றாத கிருமியும் தன் ஆற்றலால் அபாயமே.

வேதிப்பொருளால் வரும் அபாயத்திற்கும் உயிரியல் அபாயத்திற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. ஒரு துளி நஞ்சினைக் குடத்து நீரிற் கலந்தால் அதன் வலிமை குறையும்; ஏரியிற் கலந்தால் மேலும் குறையும். உயிரோ பெருகும் தன்மையது. ஏற்ற உணவும் வெம்மையும் கிடைப்பின், சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அக்கணக்கின்படி ஒன்றாய் இருந்தது ஒரு மணி நேரத்தில் எட்டாகும். ஐந்து மணி நேரத்தில் முப்பதாயிரத்தைக் கடக்கும். காலையில் சமைத்து மூடாமல் வைத்த உணவு மாலையில் கேடு விளைப்பது இதனாலேயே. மேலும், நஞ்சுண்டவனின் துன்பம் பெரும்பாலும் அவனோடு அமையும். தொற்றுநோய் கொண்டவனின் துன்பமோ அவன் வீட்டாரையும் ஊராரையும் சென்று பற்றும்.

அபாயம் வேறு, இடர் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. விலங்குக்காட்சிச்சாலையில் கூண்டினுள் உலவும் புலி அபாயமான விலங்குதான். ஆயினும், கூண்டிற்கு வெளியே நிற்கும் சிறுவனுக்கு அதனால் இடர் இல்லை. கூண்டின் கதவு திறந்துவிட்டால், புலி மாறவில்லை, இடர் மாறிவிடுகிறது. தீங்கு செய்யும் ஆற்றல் அபாயம். அத்தீங்கு நேர்வதற்கான வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்தது இடர். ஒரு கிருமி நம்மை அடைய மூச்சு, வாய், கண், தோலின் காயம், பூச்சிக்கடி முதலியவற்றுள் ஒரு வழி வேண்டும். எத்தனை கிருமிகள் புகுந்தன, புகுந்த உடல் எத்துணை வலிமையுடையது என்பனவும் இடரைக் கூட்டும், குறைக்கும். அபாயத்தை உலகினின்றும் முற்றும் நீக்குதல் அரிது. இடரைக் குறைத்தலோ மனிதர் கையில் உள்ளது.

எல்லாக் கிருமிகளையும் ஒரே நிலையில் வைத்து அஞ்சுதல் அறிவுடைமை ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 1983ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. அதில் நுண்ணுயிர்கள் நான்கு தொகுதிகளாக வகுக்கப்பட்டன. தனி மனிதனுக்கு நேரும் நோய் எத்துணைக் கடியது? சமுதாயத்தில் அது பரவுமா? அதனைத் தடுக்கவோ தீர்க்கவோ மருந்து உண்டா? இவ்வினாக்களே பகுப்பிற்கு அடிப்படை. முதல் தொகுதியில் உள்ளவை நலமுடைய மனிதருக்கு நோய் தருவன அல்ல. ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட் இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் தொகுதியில் உள்ளவை நோய் தரும். ஆயினும் அவற்றைத் தடுக்க வழியுண்டு, பரவும் இடரும் குறைவு. புண்ணிற் சீழ் பிடிக்கச் செய்யும் பாக்டீரியா இத்தகையது. மூன்றாம் தொகுதியில் உள்ளவை கடுநோய் தருவன. காசநோய்க் கிருமி இதன்பாற்படும். நான்காம் தொகுதியில் உள்ளவை கொடியவை, எளிதிற் பரவுபவை, பெரும்பாலும் தக்க மருந்தும் தடுப்பும் அமையாதவை. எபோலா வைரசு இதில் அடங்கும்.

இப்பட்டியல் நாட்டிற்கு நாடு சிறிது வேறுபடும். ஒரு நாட்டில் என்றுமுள்ள கிருமி, அஃது இல்லாத மற்றொரு நாட்டில் கூடுதலான அச்சத்திற்கு உரியதாகலாம். பட்டியலை மட்டும் நம்பி அமையாது, செய்யும் வேலை, இடம், கருவி, ஆள் ஆகிய அனைத்தையும் எண்ணி இடரை அளந்தறிதல் வேண்டும் என்று அக்கையேட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு வற்புறுத்துகிறது.

மிகக் கொடிய கிருமிகளை ஆராயும் கூடங்கள் மிகுந்த காவலுடன் அமைக்கப்படுகின்றன. அவற்றினுள் காற்றழுத்தம் வெளியிலும் குறைவாக இருக்கும்; ஆதலின், சிறு துளை ஏற்பட்டாலும் காற்று உள்ளே புகுமேயன்றி வெளியேறாது. வெளியேற்றப்படும் காற்று நுண்ணிய வடிகட்டிகளைக் கடந்தே செல்லும். உள்ளே பணியாற்றுவோர் தனிக்குழாய் வழியாகக் காற்றுப் பெறும் முழுவுடை அணிவர். வெளிவருங்கால் மருந்துநீரில் நனைந்தே வருவர். நம் நாட்டில் புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் இத்தகைய ஆய்வுக்கூடம் உள்ளது.

இத்துணைக் காவல் எதற்கு என்று ஐயுறுவோர்க்குப் பெரியம்மையின் வரலாறு விடை கூறும். வைசூரி என்றும் வழங்கிய அந்நோய், பற்றிய பத்துப் பேருள் ஏறத்தாழ மூவரைக் கொன்றது. பிழைத்தவர் பலரின் முகத்தில் தழும்பையும் சிலரின் கண்ணில் இருளையும் விட்டுச் சென்றது. 1796ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் அம்மை குத்தும் முறையைக் கண்டார். கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் தொடக்கத்தில் அம்மைப்பால் ஆக்கும் நிலையமாகவே அமைந்தது. 1967ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் முயற்சியைப் பன்மடங்கு விரைவுபடுத்தியது. ஊர்தோறும் சென்று நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருந்த அனைவர்க்கும் அம்மை குத்தினர். இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு அந்நோய் அகன்றது. 1977ஆம் ஆண்டில் சோமாலியா நாட்டில் ஒருவருக்குக் கண்டதே இயற்கையாய்த் தொற்றிய இறுதி நோய்.

உலகம் மகிழ்ந்திருந்த அவ்வேளையில், 1978ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பெண்மணி ஒருவர் பெரியம்மை கண்டு இறந்தார். அவர் அந்நகர மருத்துவக் கல்லூரியில் நிழற்படம் எடுக்கும் பணி செய்தவர். பெரியம்மை ஆய்வில் பங்குகொண்டவர் அல்லர். அவர் பணிசெய்த இடத்திற்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மைக் கிருமியை ஆராயும் கூடம் ஒன்று இருந்தது. அக்கூடத்துக் கிருமியே அவரைப் பற்றியது என்று விசாரணையில் தெளிந்தனர். எனினும், எவ்வழியாக அது மேலே சென்றது என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை. அவருடைய தாயாரையும் நோய் பற்றியது, அவர் பிழைத்தார். நாடெங்கும் தேடியும் ஒரு நோயாளி இல்லாத காலத்தில், பூட்டிய கூடத்தினுள் கிருமி இருந்தது. கூண்டின் கதவு எங்கோ திறந்திருந்தது.

1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் பெரியம்மை ஒழிந்தது என உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. பல நாடுகளில் இருந்த கிருமிச் சேமிப்புகள் அழிக்கப்பட்டன. அமெரிக்காவில் ஓரிடத்திலும் உருசியாவில் ஓரிடத்திலும் மட்டுமே அக்கிருமியைக் காவலில் வைக்க இசைவு அளிக்கப்பட்டது. ஆயினும், 2014ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றின் குளிர் அறையைத் தூய்மை செய்தபோது, மறக்கப்பட்ட பெட்டி ஒன்றில் பெரியம்மை எனப் பெயரெழுதிய கண்ணாடிக் குப்பிகள் கிடைத்தன. அவை 1954ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சோதித்துப் பார்த்தபோது சிலவற்றில் கிருமி வளரும் ஆற்றலுடன் இருந்தது. அறுபது ஆண்டுகளாக எவரையும் அவை தீண்டவில்லை. எனினும், அவை அபாயமே. 'வல்ல' என்னும் சொல்லின் பொருளை இதனினும் தெளிவாக விளக்குவது அரிது.

அபாயத்தை அறிந்தால் போதாது; அறிவித்தலும் வேண்டும். முன்னாளில் ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய அடையாளத்தை வழங்கியமையால், ஓரிடத்தில் கற்ற குறி மற்றோரிடத்தில் பயன்படவில்லை. 1966ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லசு பால்டுவின் என்பாரும் அவர் குழுவினரும் பொதுக்குறி ஒன்றை அமைக்க முற்பட்டனர். முன்பின் அறியாத குறியாய் இருத்தல் வேண்டும். ஒருமுறை கண்டால் மறவாததாய் இருத்தல் வேண்டும். எப்பக்கம் திருப்பினும் ஒன்றுபோலத் தோன்றுதல் வேண்டும் என்பன அவர்தம் நோக்கங்கள். பல குறிகளை மக்களிடம் காட்டிச் சோதித்து ஒன்றைத் தேர்ந்தனர். ஒரு வளையத்தின்மேல் மூன்று பிறைகள் சேர்ந்தமைந்த குறி அது. இன்று உலகெங்கும் அதுவே வழங்குகிறது.

நம் மருத்துவமனைகளில் மஞ்சள் நிறப் பைகளில் அக்குறியைக் காணலாம். குருதி தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் அவற்றில் இடப்படும். ஊசி, கத்தி முதலிய கூரிய பொருள்கள் துளைபடாத வெண்ணிறக் கலத்தில் இடப்படும். 2016ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மருத்துவக் கழிவு விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. இவ்விதியை மீறி ஒருவர் ஊசியைப் பொதுக்குப்பையில் எறிவாராயின், அது மறுநாள் குப்பை அள்ளும் தொழிலாளியின் கையிற் குத்தும். கல்லீரல் அழற்சியும் எயிட்சு நோயும் அவ்வழியே பரவக்கூடும். எறிந்தவர் அறிந்தவர், குத்துண்டவர் அறியாதவர்.

பிராட்போர்டில் பொதியை அவிழ்த்தவரும், பர்மிங்காமில் மேல்தளத்தில் இருந்தவரும், குப்பையிற் கைவைக்கும் தொழிலாளியும் ஓரினத்தவர். அபாயம் தம் அருகில் இருப்பதை அவர்கள் அறிந்திலர். கல்வியுடையார் அபாயத்தை வரையறுத்ததும், வகுத்ததும், அதற்கொரு குறி அமைத்ததும் இத்தகையோரைக் காத்தற்பொருட்டே ஆகும். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை அறிவால் காண்பது அறிவியல். கண்டதைக் காணாதவர்க்கு உணர்த்தி அவரைக் காப்பது அறம். இவ்விரண்டும் கூடிய இடத்தில் அபாயம் இருப்பினும் தீங்கு நேராது.